கடை திறக்க ஒரு கைமுதல்

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரால் குலைந்துபோன குடும்பங்களுக்காக நம் சங்கத்தின் பேரில் நிதி திரட்டலாம் என்பது அவருடைய யோசனை. இன்னொரு உறுப்பினர் உடனே எழுந்து, "போர் 2009-லேயே முடிஞ்சு போச்சுங்க. இப்ப எதுக்கு வசூல்? அன்னைக்கே ஆளுக்கு ஒரு மூட்டை கொடுத்தோமே" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் தீர்மானத்தை ஒத்தி வைத்தார். தேநீர் வந்தது, பேச்சு சரக்கு வரி பக்கம் திரும்பிவிட்டது.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆளுக்கு ஒரு மூட்டை கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த மூட்டை எங்கே போயிற்று, யார் வீட்டு உலையில் அந்த அரிசி கொதித்தது என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? கடையில் ஒரு பெட்டி சோப்பு குறைந்தால் மூன்று நாள் கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். தர்மத்துக்குக் கொடுத்ததை மட்டும் கணக்கில் வைப்பதில்லை. கொடுத்ததைக் கேட்பது பண்பல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பண்பு அல்ல அது, சோம்பல் என்பதே நம் எண்ணம்.

2008-ஆம் ஆண்டு அக்டோபரில் வன்னியில் போர் கடுமையான நேரம். அன்றைய முதலமைச்சர் கலைஞர் வேண்டுகோள் விடுத்ததும் தமிழ்நாடு முழுவதும் நிவாரணப் பொருள்கள் குவிந்தன. நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,700 டன் உணவும் துணியும் கப்பலேறின; செஞ்சிலுவைச் சங்கம் அவற்றை வாங்கிப் பகிர்ந்தது. நம் கடைவீதியிலும் அப்போது மும்முரம்தான். அரிசி மண்டிக்காரர்கள் அரிசி தந்தார்கள், ஜவுளிக் கடைக்காரர்கள் போர்வையும் துண்டும் தந்தார்கள். ஒரு லாரி போயிற்று. இரண்டாவது லாரிக்கென்று சேர்த்த மூட்டைகள் என்ன ஆயின என்பது பழைய உறுப்பினர்கள் சிலருக்கு நினைவிருக்கும். யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைக்கவில்லை. அனுப்பும் தேதி முடிந்து போயிற்று. குடோனின் மூலையில் ஒரு கார்காலம் முழுவதும் கிடந்து வண்டு விழுந்த பிறகு கோழித் தீவனத்துக்குப் போயிற்று. யார் மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் நாமேதான்.

நம்முடையது ஒரு லாரிச் சரக்கு. இதைவிடப் பெரிய பாடம் கடலிலேயே நடந்தது. ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழர்கள் வீடு வீடாகச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும் 2009 மே மாதம் 'கேப்டன் அலி' என்ற கப்பலில் புறப்பட்டன. 'வணங்காமண்' என்று அந்தப் பயணத்துக்குப் பெயர் வைத்தார்கள். கப்பல் இலங்கைக் கடலை அடைந்தபோது போரே முடிந்திருந்தது. ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதித்துத் திருப்பி அனுப்பியது. கப்பல் சென்னைக்கு வெளியே வந்து நங்கூரமிட்டு நின்றது. தமிழ்நாடு மத்திய அரசுக்கு எழுத, மத்திய அரசு கொழும்போடு பேச, ஜூலையில் சரக்கைச் சென்னையில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே துறைமுகக் கட்டணத்தையும் தீர்வையையும் யார் கட்டுவது என்ற கேள்வியில் சரக்கு மாதக்கணக்கில் முடங்கியது. முகாமில் குழந்தைகள் பால்மாவுக்கு வரிசையில் நின்ற அதே மாதங்கள் அவை.

அதற்கும் முன்னே, 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டு யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டபோது, பழ. நெடுமாறன் அவர்கள் தலைமையில் தமிழ்நாட்டு மக்களிடம் உணவும் மருந்தும் திரட்டப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்ப் பெறுமானம். அனுமதி வருமென்று பல மாதங்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. 2007 செப்டம்பரில் படகில் தாமே கொண்டுசெல்லப் புறப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அரசுகளின் பேச்சுவார்த்தைக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் கொடுத்தவர்களின் மனசைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. இரவு பகலாக உழைத்தார்கள். வியாபாரிக்கு மட்டும் இங்கே ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சரக்கு ஏற்றுமுன் அங்கே அதை வாங்கிக்கொள்கிறவர் யார், எந்தப் பேரில் பில், சுங்கம் யார் பொறுப்பு, இறக்குக்கூலி யார் தலையில் என்று கேட்காமல் நாம் ஒரு பெட்டி வெல்லத்தைக்கூட அனுப்ப மாட்டோம். மனம் இளகிய நேரத்தில் அந்தக் கேள்விகள் நமக்கே மறந்துபோகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போய்வந்த உறுப்பினர்கள் பார்த்திருப்பார்கள், சாலையோரத்தில் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து கிடந்த பழந்துணிகளை. கட்டிய சேலையோடு கடலிடமிருந்து தப்பி வந்த மீனவப் பெண்கள், யாரோ உடுத்திக் கழித்ததைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குத் திமிர் என்று அன்று பேசியவர்கள் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் உடுத்துவார்களா என்று யோசித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அரிசி மூட்டையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வயிறு காய்கிற நேரத்தில் அரிசிதான் வேண்டும். 2009-ல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்வேலிக்குள் இருந்தபோது அவர்களுக்குக் கடையும் இல்லை, கையில் காசும் இல்லை. 2022-ல் இலங்கையே திவாலாகி, பால்மாவுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி இல்லாமல் நின்றபோதும் அப்படித்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள் என்று அனுப்பியது. பைகளின் மேல் தமிழ்நாட்டு மக்களின் அன்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. அதைவிட நம் மனதில் நிற்பது வேறு. தமிழருக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் சேர்த்தே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் அங்குள்ள தமிழர்கள்தாம். அடிபட்டவர்கள் சொன்ன வார்த்தை அது. இந்தப் பக்கம் மேடையில் முழங்குகிற நமக்கு அந்தப் பக்குவம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை.

பசி ஆறியதற்குப் பிந்திய காலத்தைத்தான் நாம் பேச வேண்டும். அந்தக் காலத்துக்கு யாரும் லாரி பிடிப்பதில்லை, துண்டு ஏந்துவதில்லை. பத்திரிகையில் படமும் வருவதில்லை.

முகாமிலிருந்து ஒரு குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் சில தகரம், சில மாதத்துக்கு உலர் உணவு, குடிசை போட 25,000 இலங்கை ரூபாய் உதவித்தொகை. வீடு இருந்த இடத்தில் புதர். கிணற்றில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வயலில் கண்ணிவெடி எடுத்தாயிற்றா என்பதும் தெரியாது. அந்த ஊரில் முன்பு ஒரு கடை இருந்திருக்கும். நம் கீழப்பழுவூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருப்பது போல, திண்ணையில் பலகை போட்டு, உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய், தீப்பெட்டி விற்கிற கடை. அந்தக் கடை திறக்காத வரை அந்த ஊர் ஊராகாது. ஒரு சவர்க்காரக் கட்டிக்கு எட்டு மைல் நடக்க வேண்டும். விளைந்த கத்தரிக்காயை வாங்கிப் பட்டணத்துக்கு ஏற்றிவிட ஆள் கிடையாது. பெண்கள் நின்று பேச ஓர் இடம் இருக்காது. மாதக் கடைசியில் அரைக் கிலோ சீனி கடனாகத் தர யாரும் இல்லை.

அந்தக் கடைக்காரர் ஏன் கடை திறக்கவில்லை? பணம் இல்லாததால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு அது பாதி விடைதான் என்று தெரியும். நம்மில் எத்தனை பேர் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கிறோம்? திருச்சி மொத்த வியாபாரி நம் முகத்தைப் பார்த்துச் சரக்கு அனுப்புகிறார். பதினைந்து நாளில், ஒரு மாதத்தில் கணக்குத் தீர்க்கிறோம். நாம் அறுவடைக்குக் காத்திருக்கும் விவசாயிக்குக் கடன் கொடுக்கிறோம். இந்தச் சங்கிலிதான் நம் முதல். கல்லாவில் இருப்பது அதில் கால்வாசிகூட இராது. போர் அறுத்தது இந்தச் சங்கிலியை. கடன் கொடுத்த மொத்த வியாபாரி கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறார். கடன் வாங்கியவர்களில் பலர் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள். பற்று வரவு நோட்டு எரிந்துவிட்டது. யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் இலவச அரிசி வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தால், துணிந்து கடை திறந்த ஒருவனும் இரண்டே மாதத்தில் மூடிவிடுவான். நல்லெண்ணத்தோடு அனுப்பிய மூட்டை அவன் வயிற்றில் அடிக்கும்.

அடகு பிடிக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி. வன்னியில் புலிகள் நடத்திய வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகள் போர் முடிந்தபோது ராணுவத்தின் கைக்குப் போயின. 2014-ல் கிளிநொச்சியில் ஒரு சிலருக்கு மட்டும் திருப்பித் தரப்பட்டன. தாலிக்கொடிக்குச் சீட்டு இருந்தும் பொருள் இல்லாத நிலை. நம் ஊர்ப் பெண்களுக்கு நகைதான் அவசரக் கைமுதல் என்பதை நாம் அறிவோம். அந்தக் கைமுதலும் அவர்களுக்குப் போயிற்று.

பிறகு ஏ-9 சாலை திறந்தது. முதலில் வந்து இறங்கியவர்கள் யார் தெரியுமா? தவணைக்குச் சாமான் கொடுப்பவர்களும், நுண்கடன் கம்பெனிகளும். டி.வி., மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி எல்லாம் முன்பணம் சிறிது கட்டினால் வீட்டு வாசலில். இருபத்தைந்து ஆண்டுகளாக எதையும் கண்ணால் காணாத மக்கள் வாங்கத்தானே செய்வார்கள்! வாரந்தோறும் தவணைக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்தான். போரில் கணவனை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010-ல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவரே சொன்னார். அந்தப் பெண்கள்தாம் இந்தக் கடனில் அதிகம் சிக்கினார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று. கடைசியில் 2018-ல் இலங்கை அரசே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. கடன் கொடுப்பதும் உதவிதான் என்று சொல்லும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த வட்டிக்கு, எந்தத் தவணைக்கு என்பதில் இருக்கிறது உதவியும் உபத்திரவமும்.

சரியாகச் செய்த காரியமும் உண்டு. 2010-ல் இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. அதில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்கிற்கும், மீதி மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும். 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் வைத்து, வேலை நடக்க நடக்கப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். வீட்டுக்காரரே கொத்தனார் பேசினார், கல்லறுத்தார், சிமெண்ட் எடுத்தார். அந்தப் பணம் பக்கத்து ஊர் இரும்புக் கடைக்கும், மணல் வண்டிக்காரருக்கும், மரக்கடைக்கும் போயிற்று. ஒரு வீடு எழும்பும்போது நான்கு கடைகளில் கல்லா சத்தம் கேட்டது. ஆசைப்பட்டு அளவை மீறிக் கட்டிக் கடன்பட்டவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. 2016 வாக்கில் இலங்கை அரசு 65,000 இரும்பு வீடுகளை ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பூட்டித் தரப் பார்த்தது. ஒன்றுக்கு 21 லட்சம் ரூபாய் என்று முதலில் பேச்சு. அந்த வெயிலில் தகரப் பெட்டிக்குள் எப்படி இருப்பது என்று மக்களும், இந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று கட்டடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிமெண்ட்டின் அருமையைச் சொல்ல வேண்டுமா?

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பலர் வணிகர்கள். நகைக்கடை, இரும்புக்கடை, தையல்கடை, இறைச்சிக்கடை. சாவியைக் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்குச் சில நூறு ரூபாயோடு புத்தளம் பக்கம் நடந்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோது நம் கடைவீதிகளில் கதவடைத்தோம். 1990-ல் யாழ்ப்பாணத்தில் சோனகர் கடைகள் பூட்டப்பட்டபோது நாம் ஒரு வேளைகூடக் கதவடைக்கவில்லை. கடை பறிபோனவனுக்குச் சாதி மதம் உண்டா? நம் நிதி திரண்டால் அதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. இதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

ஈழத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நம் ஊர் ஆலந்துறையார் கோயிலுக்குப் போகிறபோது கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர் யாரையாவது உடன் அழைத்துப் போங்கள். முதல் பராந்தகன் காலத்தில், பாண்டியனும் ஈழத்தரசனும் சேர்த்து அனுப்பிய படையை வெள்ளூரில் எதிர்த்து வென்ற பழுவேட்டரையர் கந்தன் அமுதனைப் பற்றிய செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. படை போன வழியிலேயே வணிகமும் போயிற்று. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழ்நாட்டில் கல்வெட்டு வைத்தது போலவே இலங்கையிலும் வைத்திருக்கிறார்கள். விற்கிற பொதிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிப் பொதுக்காரியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அதே வழக்கம்தான் பிற்காலத்தில் மகமை என்று பெயர் பெற்றது. விருதுநகர், சிவகாசி வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி நடந்த பள்ளிதான்.

உண்டியல் வசூலுக்கும் மகமைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உண்டியல், தொலைக்காட்சியில் படம் பார்த்துக் கண்ணீர் விட்ட வாரத்தில் நிரம்பும், அடுத்த மாதம் காலியாகக் கிடக்கும். மகமை கண்ணீரைக் கேட்காது. மூட்டை நகர்ந்தால் காசு விழும். பத்து ஆண்டு பிடிக்கும் மறுவாழ்வுக்கு ஏற்ற நிதி அதுதான்.

கணக்கைப் பற்றியும் கறாராகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் வெளிநாடுகளில் மறுவாழ்வு என்று சொல்லித் திரட்டிய பணம் ஆயுதத்துக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2007-ல் அமெரிக்கா தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துகளை முடக்கியது. பல ஊர்களில் கடைக்காரர்களிடம் மிரட்டி வாங்கியதாகவும் புகார்கள் வந்தன. உண்மையாக அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்களின் பேரும் அதில் சேர்ந்து கெட்டது. ஆகவே, யார் கேட்டாலும் காட்டுகிற மாதிரி நோட்டு இருக்க வேண்டும். கட்டாய வசூல் கூடாது. கொடுக்காத கடையின் பேரைப் பலகையில் எழுதுகிற வேலையும் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். சங்கத்தின் பேரில் பணம் திரட்டி நேரே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது. ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் அன்பளிப்பும் நன்கொடையும் அனுப்பலாம் என்றாலும், அது தனிநபர்களுக்கு மட்டுமே. கூட்டு வியாபார நிறுவனத்துக்கோ, டிரஸ்டுக்கோ, சங்கத்துக்கோ அந்த வழி இல்லை. அப்படி அனுப்ப விரும்பும் உறுப்பினர் தம் பேரில், பான் எண் கொடுத்து, வங்கி மூலம் அனுப்பலாம். அதற்கு வரிச்சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பதற்குச் சலுகை உண்டு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் தர வேண்டும். உண்டியல் முறையில் கடல் கடந்து பணம் அனுப்பலாம் என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்படியானால் சங்கம் என்னதான் செய்வது? கடல் தாண்டுமுன் பக்கத்தில் பாருங்கள். பெரம்பலூரில் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நம் கடைவீதியிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். அந்த மாதமே முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அரசு பணம் ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனாலும் இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லாததால், ஒரு பெட்டிக்கடை வைக்க வங்கிக் கடன் வாங்குவதுகூடப் பெரும்பாடு. சுவருக்கு வர்ணம் அடிக்கும் கூலி வேலைக்குத்தான் பெரும்பாலும் போகிறார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களும் அதே ஏணியில்தான். 1984-ல் செல்வநாயகம் அவர்களின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்கும், நாடு திரும்பினால் கைகொடுக்கும் தொழிற்பயிற்சிக்கும் பாடுபட்டிருக்கிறது. பணத்தை யார் கையில் கொடுப்பது என்று குழம்புகிறவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் போய்க் கேட்டு, இடத்தை நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

நம் யோசனை இதுதான். மண்டிச் சரக்கு மூட்டைக்கு ஒரு ரூபாய், சில்லறைக் கடைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் என்று விரும்பிய உறுப்பினர்கள் மகமை வைக்கலாம். அந்தப் பணத்தில் துறைமங்கலத்தில் கடை வைக்கத் துணியும் பத்துக் குடும்பங்களுக்கு முதல் வருடச் சரக்கை நாமே கடனாகத் தரலாம். பணமாக வேண்டாம், சரக்காக. அதுவும் வட்டியில்லாமல், விற்றுத் தீர்த்துக் கட்டுகிற மாதிரி. மொத்த வியாபாரி புதுக்கடைக்காரனுக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே. கட்ட முடியாமல் போனால் மகமை ஈடுகட்டும். கணக்கு எழுதவும், எடை போடவும், எந்தச் சரக்கு எந்த மாதத்தில் போகும் என்று சொல்லவும் நம்மிடம் ஆள் இருக்கிறது. இந்த அறிவுக்குக் காசு செலவில்லை. அவர்களுக்கு அரிசி மூட்டையைவிட இது பெரிது. அது ஓர் ஆண்டு ஓடிக் கணக்கு நேரான பிறகு, யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ உள்ள வணிகர் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, அங்கே கடை திறக்கத் தவிக்கும் பெண்கள் யார் என்று கேட்டு, தனித்தனி உறுப்பினராக வங்கி வழியே உதவலாம். 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் தீப்பிடித்தபோது, போருக்குப் பின் தட்டுத்தடுமாறி எழுந்த வியாபாரிகள் பலர் மறுபடி சாம்பலில் நின்றார்கள். நாம் இங்கே அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். சங்கத்துக்குச் சங்கம் ஒரு கடிதப் போக்குவரத்து இருந்திருந்தால் அப்படித் திருப்பியிருக்க முடியுமா?

இடையில் ஒரு சங்கடமான விஷயம். வடக்கு மீனவர்களின் வலையை நம் பக்கத்து இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் புலம்புகிறார்கள். நம் மீனவர்கள் அங்கே சிறைப்படும் துயரமும் உண்மை. நிதி கொண்டுபோய்க் கொடுக்கிறபோது அங்கே ஒரு மீனவர் இதைக் கேட்டுவிட்டால் நம் பதில் என்ன? நமக்குக் கடல் இல்லை என்று சொல்லித் தப்பலாம். கருவாடு விற்கிறோமே.

ஒத்தி வைத்த தீர்மானம் வருகிற அமாவாசையன்று கடைகள் அடைத்த பிறகு சங்கக் கட்டடத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளப்படும். அன்று சிரித்த உறுப்பினர்களும் தவறாமல் வர வேண்டும். எதிர்த்துப் பேசிய உறுப்பினரையே இந்த நிதியின் கணக்குத் தணிக்கையாளராக முன்மொழிய நாம் எண்ணியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு மூட்டை கொடுத்ததை இத்தனை ஆண்டு கழித்தும் நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன், மூட்டைக்கு எவ்வளவு என்பதைப் பற்றித் தங்கள் கருத்தை மண்டிக்காரர்கள் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.